அமைச்சர் ஆடிய பாட்டு

ஷைரே ஆற்றின் கீழ்க்கரையில் எலுபேயின் தொண்டைக்கு ஈடு கிடையாது. கால்பந்துத் திடலின் இந்தக் கம்பத்தடியில் நின்று அவள் பாட்டை எடுத்தால், அந்தக் கம்பத்தடியில் கடலை விற்கிறவனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். பத்தொன்பது வயதில் கட்சியின் மகளிர் அணி அவளைப் பிடித்துக்கொண்டது. நாற்பத்தொன்று வரை விடவில்லை.

தலைவர் யாராவது வருகிறார் என்றால் விடியுமுன்பே லாரி வரும். முப்பது பெண்கள், மாடுகளைப் போல நெருக்கிக்கொண்டு நின்றபடியே போவார்கள். வெயிலில் காத்திருந்து, கார் தெரிந்ததும் ஆடுவார்கள். கூலி என்று எதுவும் கிடையாது. ஒரு பொட்டலம் உப்பு, ஒரு சோப்புக் கட்டி, தேர்தல் வருஷமானால் தலைவரின் முகம் அச்சடித்த இடுப்புத் துணி ஒன்று. எலுபே இதற்காகப் போகவில்லை. புருஷன் கரும்பு வெட்டப் போகிறேன் என்று எல்லை தாண்டிப் போனவன், போனவன்தான். பெற்ற இரண்டும் தவழும் முன்பே மண்ணுக்குப் போய்விட்டன. அப்படிப்பட்ட ஒருத்தியின் வாயை ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிற கால் மணி நேரம் இருக்கிறதே, அதற்காகப் போனாள்.

அவளோடு இருந்தவள் தங்கை பைனேசி மட்டும். பதினொரு வயது இளையவள், எலுபேயே தூக்கி வளர்த்தவள். அவளுக்கு இந்த ஆட்டபாட்டமெல்லாம் சிரிப்பு. எலுபே புதுத் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் பின்னால் வந்து நிற்பாள்.

"அக்கா, ஒன் பின்பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு எப்படிச் சிரிக்கிறான் பாரு. இதவிடச் சொகுசான நாற்காலி அவனுக்கு எங்க கெடைக்கும்?"

"வாய மூடுடி. ரோடு போட்டது அவருதான்."

"ரோடு போட்டான், சரி. அதுல நீ கார்லயா போன? நடந்துதான போன!"

துணியில் சிரித்தவர் மாண்புமிகு லிசெம்பே. பிறந்தது இதே கரை. ஏழு வயதில் நகரத்துக்குப் போனார், பிறகு வெளிநாட்டுக்குப் போனார், தொந்தியும் கண்ணாடியுமாக நாற்பத்தைந்து வயதில் ஓட்டுக் கேட்கத் திரும்பி வந்தார். இரண்டாம் தடவை ஜெயித்ததும் அமைச்சரானார். இந்தக் கரையில் பேசுகிற சேனா மொழி அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. மேடையில் அவர் சொல்வதைச் சேனாவிலும், ஊர் சொல்வதை அவர் காதிலும் மாற்றிப் போடுவது கட்சியின் வட்டாரத் தலைவன் ஃபாஸ்டன். சொந்த ஊர்ப் பேச்சில் அமைச்சருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிக் கொடுத்தது எலுபேயின் பாட்டு.

"கிணறு வெட்டித் தந்தது யாரு?" என்று எலுபே கேட்பாள்.

"நீதான், நீதான்!" என்று முப்பது பெண்களும் அவரைக் கைகாட்டுவார்கள்.

"ரோடு போட்டுத் தந்தது யாரு?"

"நீதான், நீதான்!"

மாண்புமிகு மேடையை விட்டு இறங்கி வந்து, இடுப்பை ஆட்டி, மார்பில் தட்டிக்கொண்டு ஒலிவாங்கியில் பதில் பாடுவார்: "நான்தான், நான்தான்!" கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் இது நடக்கும். இது நடக்காவிட்டால் கூட்டமே நடந்ததாகக் கணக்கில்லை.

அந்த வருஷம் முதலில் வெள்ளம் வந்து விதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி விதைத்ததை வெயில் தின்றது. அதற்கு மேல், நாட்டுப் பணத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டதாக ஒருநாள் வானொலி சொன்னது. அதன் அர்த்தம் ஊருக்கு விளங்க இரண்டு நாள் கூட ஆகவில்லை. முழு சோப்பு வாங்கினவர்கள் இரண்டு விரல்கடைத் துண்டு வாங்கினார்கள். எண்ணெயைக் கடைக்காரன் மருந்து மாதிரி மூடியில் அளந்தான். களி கிண்டுவது இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளையாகி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது.

அரசுச் சோளக் கிடங்கு வாரம் ஒருதரம் திறக்கும். முன்வாசலில் ஐந்நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். பின்வாசலில் வியாபாரி கொண்டோவேயின் லாரிகள் நிற்கும். முன்வாசலில் நூறு பேர் நகர்வதற்குள் "தீந்துபோச்சு" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். மறுநாள் அதே சோளம் கொண்டோவேயின் கடையில் மூன்று மடங்கு விலைக்கு விற்கும். எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கியோடு ஒரு காவலாளி நின்றதால் யாரும் பின்வாசல் பக்கம் போகவில்லை. கோபம் வேறு எங்காவது போக வேண்டுமே. எலுபே வரிசையில் வந்து நின்றாள்.

"ஏ, மாண்புமிகு பொண்டாட்டி வந்துட்டா! வழி விடுங்கப்பா!" சைக்கிள் டாக்சி ஓட்டுகிற ஜெக்கா ஆரம்பித்து வைத்தான். "ஒரு பாட்டு எடுத்து விடு அக்கா. கதவு தானா தொறக்குதான்னு பாப்போம்!"

"நான் என்னடா பண்ணுனேன்?" என்றாள் எலுபே. "எனக்கும்தான் வயிறு காயுது."

"ஒனக்கு எதுக்குக் காயுது? நீதான் அவனையே இடுப்புல கட்டிட்டு திரியுறியே. அவுத்து வேக வச்சுத் தின்னு!"

வரிசையே சிரித்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள். விழுந்து எழுந்தபோது அவள் இடம் போயிருந்தது. திரும்ப உள்ளே விட யாரும் நகரவில்லை. அன்று வெறும் பானையோடு வீடு வந்தாள்.

அந்த வாரம்தான் அமைச்சர் வானொலியில் பேசினார்; நிலையத்தார் அதைச் சேனாவில் மாற்றி ஒலிபரப்பினார்கள். சைக்கிள் நிறுத்தத்தில் ஜெக்காவின் வானொலிப் பெட்டியைச் சுற்றி இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எலுபேயும் பைனேசியும் ஓரமாக நின்றார்கள். கீழ்க்கரையில் பட்டினியாமே என்று செய்தியாளர் கேட்டார்.

"கட்டுக்கதை," என்றார் மாண்புமிகு. "என் மக்களை எனக்குத் தெரியும். நானும் அந்த மண்ணில் பிறந்தவன். அங்கே அல்லிக்கிழங்கு என்றால் உயிரையே விடுவார்கள். அது எங்கள் பாரம்பரிய உணவு. சர்க்கரை வியாதி வராது. தலைநகரத்தில் நம் பெண்கள் பணம் கட்டி உடற்பயிற்சிக்குப் போகிறார்கள். என் தொகுதித் தாய்மார்கள் பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணீரில் இறங்குகிறார்கள். அந்த ஆரோக்கியம் இங்கே யாருக்கு இருக்கிறது?"

அல்லிக்கிழங்கு யாருக்கும் உயிரில்லை. தின்ன எதுவுமே இல்லாதபோது தின்கிற கசப்பு அது. நாலு தண்ணீர் மாற்றி வேக வைத்தாலும் நாக்கு சுருளும். ஆற்றோரம் இடுப்பளவு சேற்றில் நின்று கால்விரலால் தடவிப் பிடுங்க வேண்டும். அங்கே முதலை உண்டு.

"பாட்டுப் பாடிக்கிட்டே எறங்குறாங்களாம்," என்றான் ஜெக்கா மெதுவாக. எலுபேயைத் திரும்பிப் பார்த்தான். "எல்லாம் ஒன்னாலதான். நீ பாடுனதத்தான் அவன் கேட்டிருக்கான்."

அவன் சொன்னது பொய்யில்லை என்று எலுபேக்கே பட்டது.

மூன்றாம் நாள் அக்காளும் தங்கையும் கிழங்குக்குப் போனார்கள். வேறு வழியில்லை. ஆறேழு பெண்கள் ஏற்கனவே தண்ணீரில் நின்றார்கள். சேற்றில் நல்ல துணி எதற்கு என்று பைனேசி அக்காளுடைய பழைய கட்சித் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

"மாண்புமிகுவையும் குளிப்பாட்டிட்டு வர்றேன்," என்றாள். "நாத்தம் தாங்கல."

எலுபே சிரித்துவிட்டாள். பல நாள் கழித்துச் சிரித்தாள். அவள் குனிந்து ஒரு கிழங்கைப் பிடுங்கி நிமிர்வதற்குள் பைனேசி இருந்த இடத்தில் தண்ணீர் சுழன்றது. சத்தம் ஒன்றுமில்லை. பிறகு பைனேசி பத்தடி தள்ளி மேலே வந்தாள். வாய் திறந்திருந்தது. "அக்கா" என்று சொன்னாளா, வெறுமனே மூச்சு விட்டாளா என்று எலுபேக்குக் கடைசி வரை தெரியவில்லை. முதலை ஒருமுறை புரண்டது. பெண்கள் அலறிக்கொண்டு கரையேறினார்கள். எலுபே மட்டும் கையிலிருந்த கிழங்கோடு அவளை நோக்கி நடந்தாள். இரண்டு பேர் அவள் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மீனவர்கள் ஒரு காலைக் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே. அதைப் புதைத்தார்கள். கால்பந்துத் திடலுக்குப் பின்னால், இருநூறு அடி தூரத்தில்.

நாலாம் நாள் ஃபாஸ்டன் துக்கம் கேட்க வந்தான். கையில் அரைப் பொட்டலம் சர்க்கரை. கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"எலுபே அக்கா, வர்ற சனிக்கிழமை அமைச்சர் வர்றாரு. நிவாரணச் சோளம். ஒரு லாரி முழுக்க. நீங்க முன்னால நிக்கணும்."

"என்னால முடியாது தம்பி."

"அப்படிச் சொல்லாதீங்க. டிவிக்காரன்லாம் வர்றான். பாட்டு இல்லன்னா என் கழுத்துக்குத்தான் கத்தி."

எலுபே யோசித்தாள். "என் தங்கச்சி பேரச் சொல்லி ரெண்டு வார்த்தை பேசுவாரா? கல்லறை பக்கத்துலதான் இருக்கு. ஒரு எட்டு வந்து நிப்பாரா?"

"பேர் என்ன, பேர்? கல்லறையில பூவே போடச் சொல்றேன். சத்தியம்."

அவள் நம்பினாள். இருபத்திரண்டு வருஷம் நம்பின பழக்கம்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்றரைக்கு வந்தார். அதற்குள் வெயிலில் மூன்று பேர் மயங்கி விழுந்திருந்தார்கள். பதினொரு கார்கள். முதலில் ஒரு கிழவர் தோளில் ஒரு மூட்டையை வைத்துப் படம் எடுத்தார்கள். பாரம் தாங்காமல் கிழவர் சாய, பிடித்துக்கொண்டு மறுபடி எடுத்தார்கள். மற்ற மூட்டைகள் லாரியிலேயே இருந்தன. பட்டியல் தயாரானதும் கொடுப்பார்களாம்.

பிறகு மாண்புமிகு பேசினார். ஃபாஸ்டன் மாற்றிச் சொன்னான்.

"உங்கள் முகங்களைப் பார்க்கிறேன். எவ்வளவு திடமாக இருக்கிறீர்கள்! பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் இங்கே வந்து பார்க்கட்டும்! ஆற்றில் ஏதோ ஒரு பெண் கவனக்குறைவாக இருந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தாய்மார்களே, இனிமேல் ஆற்றுக்குப் போகும்போது கையில் ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள்."

ஃபாஸ்டன் கடைசி வரியை முழுங்கப் பார்த்தான். ஆனால் முன்வரிசையில் நின்ற பள்ளிக்கூட ஆசிரியருக்கு மூலப்பேச்சே புரிந்தது. அவர் சொல்ல, அது வாய் வாயாகப் பின்னால் போனது. கம்பு. கம்பு வைத்துக்கொள்ளவேண்டுமாம்.

எலுபே அணியை விட்டு முன்னால் வந்து மேடையருகில் நின்றாள். "ஐயா, அது என் தங்கச்சி," என்றாள். "பேரு பைனேசி."

அமைச்சர் குனிந்து கேட்டார். புரியவில்லை. வழக்கமாக என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பையில் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்து அவள் நெற்றி வியர்வையில் ஒட்டினார். ஆட்டக்காரிகளுக்குச் செய்கிற மரியாதை அது. "பாடுங்கள் அம்மா, பாடுங்கள்!" என்றார்.

நோட்டு நெற்றியிலிருந்து நழுவி விழுந்தது. எலுபே குனியவில்லை. திரும்பித் தன் பெண்களைப் பார்த்தாள். பழைய மெட்டையே எடுத்தாள். வழக்கத்தை விட மெதுவாக, ஆனால் கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரி.

"கிழங்குக்கு எங்கள அனுப்பினது யாரு?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருபது வருஷப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது. "நீதான், நீதான்!"

மாண்புமிகு முகம் மலர்ந்து மேடையை விட்டு இறங்கினார். ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கெடங்குச் சோளத்த வித்தது யாரு?"

"நீதான், நீதான்!"

"நான்தான், நான்தான்!" மார்பில் தட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டினார் அமைச்சர்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவருக்கு அது உற்சாகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தாழ்ந்து ஆடினார். மேடையில் ஃபாஸ்டனின் முகம் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"என் தங்கச்சி பைனேசியத் தின்னது யாரு?"

இப்போது பெண்கள் மட்டுமல்ல, திடலே கைகாட்டியது. ஜெக்கா சைக்கிள் மேல் ஏறி நின்று கத்தினான். "நீதான், நீதான்!"

"நான்தான், நான்தான்!"

"காலு மட்டும் மிச்சம் வச்சது யாரு?"

"நீதான், நீதான்!"

"நான்தான், நான்தான்!" ஒலிபெருக்கியில் அமைச்சரின் குரல் ஆற்றைத் தாண்டிக் கேட்டது. மூச்சிரைக்க நிறுத்தி, ஃபாஸ்டனிடம் கேட்டார்: "புதுப்பாட்டா? என்ன சொல்கிறார்கள்?"

"நிவாரணத்துக்கு நன்றி சொல்றாங்க ஐயா," என்றான் ஃபாஸ்டன்.

எத்தனையோ பேர் கைப்பேசியில் படம் பிடித்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் அது நாடு முழுக்கப் போய்விட்டது. பேருந்தில், சந்தையில், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மார்பில் தட்டிக்கொண்டு "நான்தான், நான்தான்" என்றார்கள். அமைச்சருக்கு அர்த்தத்தைச் சொன்னது அவருடைய காரோட்டியாம், அதுவும் அவர் கேட்டபிறகு. ஊரில் நாலு நாள் கொண்டாட்டம். கிணற்றடியில் எலுபேக்கு வழி விட்டார்கள். ஜெக்கா அவளைச் சும்மாவே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். "அக்கா, நீதான் எங்க சிங்கம்," என்றான்.

எலுபேக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை. கல்லறைக்குப் போய் உட்காருவாள். அவர் கடைசி வரை அங்கே வரவில்லை என்பது மட்டும்தான் அவள் மனதில் நின்றது.

புதன்கிழமை நடுப்பகலில் இரண்டு வண்டிகளில் கட்சி இளைஞர்கள் வந்தார்கள். வெளியூர்ப் பையன்கள், ஒரே மாதிரிச் சட்டை. எலுபேயைத் தெருவுக்கு இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். ஒருவன் பச்சை அல்லிக்கிழங்கு ஒரு வாளி கொண்டுவந்திருந்தான்.

"பாரம்பரிய உணவு. சாப்பிடு."

வாயைத் திறக்காதபோது மூக்கை அடைத்துத் திறக்க வைத்தார்கள். சேறும் தோலுமாகத் திணித்தார்கள். கக்கினால் கக்கியதையே திணித்தார்கள். "யாரு கொடுத்தது? பாடு!" என்றான் ஒருவன். பாட்டு வரவில்லை என்று பூட்ஸ் காலால் தாடையில் உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் எதிர்வீடு வரை கேட்டது. எதிர்வீட்டில் கதவு சாத்தியிருந்தது. ஜெக்கா தெருமுனையில் சைக்கிளோடு நின்றிருந்தான். கழன்றுபோகாத சங்கிலியைக் குனிந்து மாட்டிக்கொண்டே இருந்தான். போகும்போது அவர்கள் அவள் வீட்டுக் கூரைக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் எடுத்துக்கொண்டு யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் துணியால் தாடையைக் கட்டினார்கள். அங்கிருந்து போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. பொது அமைதிக்குக் குந்தகம் என்று எழுதிப் பத்தொன்பது நாள் உள்ளே வைத்தது. கஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்துவிட்டவள் அதே அறையில் இருந்த ஒரு திருடி.

வெளியே வந்தபோது ஊர் மாறியிருந்தது. நிவாரணப் பட்டியல் வந்திருந்தது. சுற்றியிருந்த ஏழு ஊர்களின் பேர்கள் அதில் இருந்தன. இந்த ஊர் இல்லை. லாரியில் அன்று பார்த்த மூட்டைகள் அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விட்டன. அவளுக்குப் பின்னால் நின்று பதினைந்து வருஷம் பாடிய ரொஸினா வழிமறித்து நின்றாள்.

"ஒன் வீட்டுல செத்தது ஒருத்தி. ஒன் பாட்டால எங்க வீட்டுல நாலு வயிறு காயுது. இதுக்கு எந்த மெட்டு வச்சிருக்க?"

எலுபே என்னவோ சொல்லப் பார்த்தாள். தாடை ஒரு பக்கமாகச் சேர்ந்திருந்தது. சொல் எச்சிலாக வழிந்தது.

"நீயுந்தான பாடுன" என்று அவள் சொன்னதாக ரொஸினாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஓங்கி ஓர் அறை விட்டாள். அடிபட்ட பக்கத்திலேயே. நின்றவர்கள் யாரும் தடுக்கவில்லை. அந்த மாதத்தில் ரொஸினாவின் கடைசிப் பிள்ளை வயிற்றுப்போக்கில் செத்துப்போனது. எலுபே துக்கத்துக்குப் போனாள். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

தேர்தல் வந்தது. மாண்புமிகு லிசெம்பே போன இடமெல்லாம் ஜனங்கள் மார்பில் தட்டிச் சிரித்தார்கள். பேசவே முடியாமல் தோற்றார். தோற்றவர் தலைநகரத்துப் பெரிய வீட்டில் சுகமாகத்தான் இருக்கிறார். அவரை எதிர்த்து நின்று ஜெயித்தவர் வியாபாரி கொண்டோவே. கிடங்கின் பின்வாசலில் லாரி நிறுத்தினவர்.

தேர்தலுக்கு முன்னால் அவருடைய பிரசாரக் கூட்டத்துக்கு எலுபேயைக் கூப்பிட வந்தவனும் ஃபாஸ்டன்தான். கட்சிச் சட்டையின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

"பாட வேண்டாம் அக்கா. பாட முடியாதுன்னு தெரியும். மேடையில நின்னாப் போதும். ஜனங்க ஒங்க தாடையப் பாக்கணும். ஒரு மூட்டை சோளம், இன்னைக்கே."

எலுபே இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. எழுந்து அவன் பின்னால் நடந்தாள்.

கொண்டோவே அவள் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். "முதலை வாயிலிருந்து மீண்டு வந்த வீரத்தாய் பைனேசி!" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் புதுத் துணி கட்டி நின்ற ரொஸினாவும் கைதட்டினாள். தப்பு என்று தெரிந்தவர்கள் அந்தத் திடலில் நூறு பேராவது இருப்பார்கள். ஒருவரும் சொல்லவில்லை. எலுபேயின் வாய் ஒருமுறை அசைந்தது. பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

சொன்னபடி மூட்டையைக் கொடுத்தார்கள். ஜெக்கா சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான், கூலி வாங்கிக்கொண்டான். எலுபே மாவு இடித்து, களி கிண்டி, தாடை மெல்ல முடியாததால் தண்ணீராகக் கரைத்து, பானை காலியாகும் வரை குடித்தாள். வயிறு நிறைந்ததும், உட்கார்ந்த இடத்திலேயே, தன் வீட்டின் கரி படிந்த சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.